சுந்தரராமன் விசில் ஊதாத படலம்

கறுப்பும் வெள்ளையும் மாறிமாறி ஓடும் வரிச்சட்டையை மெய்க்கவசமாய்ப் பூண்டவரும், இடுப்பில் இறுகி முழங்காலில் தளர்ந்த கருங்கால்சட்டையைப் போர்க்கச்சையாய் வரிந்தவரும், ஆடுகளத்தின் இக்கோடி தொட்டு அக்கோடி வரை ஓடிச்சென்று, அங்கே காலணிக் கயிற்றைச் சரிசெய்வார் போலக் குனிந்து, பிறர் அறியாமல் மூச்சு வாங்கும் கலையில் தமக்கு நிகர் தாமே ஆனவரும், கழுகும் பொறாமை கொள்ளும் கண்ணொளியை இரு தடித்த கண்ணாடிச் சில்லுகளுக்குப் பின்னே காத்து வைத்தவரும், அந்தக் கண்ணொளியைத் தமக்கு விதித்த எல்லைக்குள் நிறுத்த மட்டும் அறியாதவரும் ஆகிய ஜெர்சி சிட்டித் தமிழ்ச் சங்கத்துக் கூடைப்பந்து நடுவர் சுந்தரராமன் வாழ்க! அவர் கொற்றம் ஓங்குக! அவர் முழங்கால் வலி தணிக!

ஏ விசிலே! பித்தளை வயிற்றுக்குள் ஒற்றைப் பட்டாணியைச் சுமந்து திரியும் பேரொலிப் பெருமாட்டியே! ஓடுவோரை நிறுத்துபவளே, நின்றோரை ஓட்டுபவளே, பெற்றோரின் இரத்தக் கொதிப்பை ஏற்றுபவளே! நீ ஒலித்த கதைகளைச் சொல்ல உலகில் ஆள் நிறைய உண்டு. நீ வாய்வரை வந்தும் ஒலிக்காமல் இருந்த கதையைச் சொல்ல வந்தவன் நான். அருள் புரிவாயாக.

அவையோரே, அடியேனுக்குக் கூடைப்பந்தில் உள்ள தேர்ச்சி, பந்து வரும் திசையை அறிந்து எதிர்த்திசையில் விலகுவதோடு நிறைவடைகிறது. அன்றைய பெரும்போரிலும் அடியேன் சமோசா மேசையருகே காவல் நின்றவனே அன்றிக் களத்தில் நின்றவன் அல்லன். ஆயினும் காவியம் பாடுவோனுக்குச் சுவருக்கப்பால் நடப்பதும் மனத்துக்குள் நடப்பதும் தெரியும் என்பது மரபாகையால், தெரிந்தவன் போலவே சொல்லிச் செல்கிறேன். குற்றம் இருப்பின் புலவர்கள் பொறுத்தருள்க, நடுவர்கள் மன்னித்தருள்க, கோச்சுகள் கேள்வி கேளாமல் இருந்தருள்க.

நாடு நியூ ஜெர்சி. ஊர் ஜெர்சி சிட்டி. ஹட்ஸன் ஆற்றுக்கு அக்கரையில் மன்ஹாட்டன் மாடங்கள் மேகத்தின் அடிவயிற்றைக் கீறி நிற்க, இக்கரையில் செங்கல் வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து குளிர்காயும் நகரம். காலம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டின் மாசி மாதத்து ஒரு சனிக்கிழமைப் பிற்பகல். களம், ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் சங்கத்தார் வாடகைக்குப் பிடித்த ஜிம். அதன் நீராவிக் குழாய்கள் தாமே போர்முரசாய் அதிர, வெளியே பெய்த பனி உள்ளே வந்தோரின் பூட்ஸ்களில் ஒட்டிக்கொண்டு டிக்கெட் எடுக்காமலே நுழைந்து, தரையெங்கும் சிறு சிறு குளங்களாய்க் கரைந்து கிடந்தது. மடக்கு நாற்காலிகளில் அங்கிள்களும் ஆன்ட்டிகளும் கோட்டைக் கழற்றலாமா வேண்டாமா என்ற பெருங்குழப்பத்தில் வீற்றிருந்தனர்.

இரு படைகள். ஒன்று ஜெர்சி சிட்டி, மற்றொன்று பார்சிப்பனி. இரண்டிலும் பல்லுக்குக் கம்பி கட்டிய வயதுச் சிறுவர் சிறுமியர். தாய் தந்தையர் தமிழில் கத்துவதைப் புரிந்துகொண்டு, ஆங்கிலத்தில் சலித்துக்கொள்ளும் வீரர்கள்.

ஜெர்சி சிட்டியின் படைத்தலைவி கிருபாராணி. மருத்துவமனைத் தாதி. நாகர்கோவில் கான்வென்டில் படித்த நாளில் மாவட்ட அணிக்கே ஆடியவர். இரவுப்பணி முடித்துத் தூங்காமல் வந்து நின்றாலும் பந்து போகும் வழியைப் பந்துக்கு முன்னே அறிபவர். பார்சிப்பனியின் படைத்தலைவரோ டாக்டர் பசுபதி. இதய நிபுணர். கூடைப்பந்து விதிகளில் அவர் அறிந்தது ஒன்றே ஒன்று: எதிரியின் கூடைக்கடியில் ஒருவன் மூன்று விநாடிக்கு மேல் நிற்கலாகாது. அந்த ஒற்றை விதியை அவர் சகல நோய்க்கும் ஒரே மாத்திரையாய் எழுதித் தருவார். பந்து வெளியே போனாலும் "த்ரீ செகண்ட்ஸ்!" பையன் தடுக்கி விழுந்தாலும் "த்ரீ செகண்ட்ஸ்!" நீராவிக் குழாய் பலமாய் இடித்த ஒருமுறையும் அவர் பாதி எழுந்து "த்ரீ..." என்று தொடங்கி அமர்ந்ததை அடியேன் கண்டேன்.

இவ்விரு படைக்கும் நடுவே நீதியின் தூண்களாய் நின்றோர் இருவர். ஒருவர் நம் நாயகர். மற்றவர், யாழ்ப்பாணத்துக் கல்லூரிக் களங்களில் விசில் பழகி, கடல் பல கடந்து வந்தும் அதன் ஒழுக்கத்தை ஒரு நூலிழை தளர்த்தாத அரியரட்ணம். மெலிந்த உடல், நரைத்த மீசை, எவர் பதறினும் தாம் பதறாத நடை. சங்கம் முழுதும் தேடியும் நடுவர் பணி தெரிந்தவர் இவ்விருவரன்றி வேறிலர். ஆகவே யார் பெற்ற பிள்ளை ஆடினாலும் நடுவர் இவர்களே. அரியரட்ணத்தின் மகள் வசந்தமலர் ஜெர்சி சிட்டிப் படையில் ஆடியதை எவரும் பிழையாய் எண்ணியதில்லை, அன்றுவரை.

நடுவர் இருவரின் நீதி இதுவென்று சுருங்க உரைப்பேன். ஒருவர் கூடைக்கடியில் அடிக்கோட்டோரம் நிற்பார். மற்றவர் பின்தங்கி நடுக்கோட்டருகே வருவார். ஆட்டம் மறுபக்கம் திரும்பினால் இடமும் மாறும். கூடையைச் சுற்றிய நிலம் அடிக்கோட்டாரின் அரசு. வெளிநிலம் நடுக்கோட்டாரின் அரசு. அவரவர் நிலத்து வழக்கை அவரவரே தீர்க்க வேண்டும். இருவரும் பந்தையே பார்த்தால், பந்தில்லாத இடத்தில் ஒருவன் இன்னொருவன் விலாவில் இடிப்பதை யார் பார்ப்பது? ஆகவே, அடுத்தவர் நிலத்தில் கண் போகலாம், விசில் போகலாகாது. போனால் அது உதவி அன்று, படையெடுப்பு.

அந்தோ, அப்படையெடுப்பு முன்பே நிகழ்ந்துவிட்டிருந்தது!

பொங்கல் விழா ஆட்டத்தில், அரியரட்ணம் கூடைக்கடியில் கல்தூண் போல் நின்றிருக்க, அவர் மூக்குக்கு முன்னாலேயே இரு பிள்ளைகள் மோதிக்கொண்டனர். மோதியதைக் கண்டும் குற்றமில்லை எனத் தெளிந்து அவர் வாளாவிருந்த அக்கணத்தில், நடுக்கோட்டில் நின்ற சுந்தரராமன், தம் கண்ணொளியின் மேல் வைத்த பெருங்காதலால் உந்தப்பட்டு, ஊழிக்காற்றென ஊதியபடி பாதிக் களத்தைக் கடந்து வந்து ஃபவுல் என்று கையை உயர்த்தினார். அதோடு நின்றிருந்தாலும் வரலாறு மன்னித்திருக்கும். டாக்டர் பசுபதி கேட்டார்:

"என்ன சார், உங்க பார்ட்னர் பக்கத்துலயே நிக்கறார். அவருக்குத் தெரியாதது உங்களுக்கு அங்கேர்ந்து தெரிஞ்சுதா?"

நம் நாயகர் வாய் திறந்தார். திறக்காமல் இருந்திருக்கலாம்.

"அவர் கொஞ்சம் அசந்துட்டார் டாக்டர். நான் பார்த்துட்டேன்."

அரங்கம் சிரித்தது. ஆன்ட்டி ஒருவர் சிரிப்பில் சர்க்கரைப் பொங்கலைப் புரைக்கேற்றிக்கொண்டார். அசந்துட்டார்! அச்சொல் ஓர் அம்பாயின் பிடுங்கிப் போட்டிருக்கலாம், வேலாயின் தழும்பாய்த் தாங்கியிருக்கலாம். அது சொல்லாகையால் அரியரட்ணத்தின் நெஞ்சில் தைத்த இடத்திலேயே குடியிருந்தது. எஞ்சிய ஆட்டத்தை அவர் முன்போலவே நடத்தி முடித்தார். மகளின் வியர்வையைத் துடைத்துவிட்டார். பொங்கல் கிண்ணத்தை வாங்கி, வாங்கிய கையோடு கீழே வைத்தார்.

இங்கே ஒரு செய்தி சொல்லியாக வேண்டும். சுந்தரராமனுக்குக் கார் ஓட்டும் லைசென்ஸ் கிடையாது. இரு வண்டிகளுக்கிடையே பின்னோக்கிச் செருகி நிறுத்தும் அச்சோதனை எனும் சக்கர வியூகத்துள் அவர் பலமுறை புகுந்து, ஒவ்வொரு முறையும் நடைபாதை மேலேறித் தோற்றுத் திரும்பியவர். அவரும் அரியரட்ணமும் ஒரே தெருவினர்; ஊருக்கு வெளியே ஒரே காப்பீட்டுக் கம்பெனியில் ஒரே தளத்தில் வேலை. ஆண்டுகள் பலவாய் அரியரட்ணத்தின் பழுப்புநிற ஓல்ட்ஸ்மொபைலே இருவரையும் சுமந்தது. ஓட்டுவது இவர், முன்சீட்டிலிருந்து வழி சொல்வது அவர். வழி இருவருக்கும் மனப்பாடம். ஆயினும் சொல்வார், ஆயினும் கேட்பார். கிரீன் கார்டு முதல் முருங்கைக்காய் கிடைக்கும் கடை வரை அவ்விரு சீட்டுகளுக்கிடையே தீர்க்கப்படாத விவகாரம் எதுவும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம் வராத வாரங்களில், வானொலியைத் தணித்துவிட்டு ஒன்றும் பேசாமல் கூட வந்ததும் அந்த முன்சீட்டுத்தான்.

பொங்கலுக்கு அடுத்த வேலை நாள் காலை. சுந்தரராமன் தெருவுக்கு வந்து முன்கதவைத் திறந்தார். முன்சீட்டில் அரியரட்ணத்தின் ப்ரீஃப்கேஸ் அமர்ந்திருந்தது. கிடந்தது என்று சொன்னால் அதன் பெருமை குறையும், அமர்ந்திருந்தது. அதற்கு சீட் பெல்ட்டும் போடப்பட்டிருந்தது.

நம் நாயகர் பின்கதவைத் திறந்து பின்சீட்டில் ஏறினார்.

அன்றுமுதல் அவ்வாறே. முன்னே ஓட்டுநர், அருகே பெட்டி, பின்னே ஒரு மூலையில் சுந்தரராமன். கண்டோர் இது வாடகைக் கார் என்றே கொண்டனர். ஜெர்னல் ஸ்கொயர் முனையில் பை சுமந்த மூதாட்டி ஒருத்தி கை காட்டி நிறுத்தவும் முயன்றாள். அரியரட்ணம் சில வேளைகளில் முன்கண்ணாடியை நோக்கி, "இண்டைக்குப் பனி கொட்டும் போல கிடக்கு" என்பார். அது வானத்துக்குச் சொன்னது. வேறெவரும் பதில் சொல்ல இடமில்லை. தாம் வழி சொல்லாமலே வண்டி சரியான வழியில் போவதைக் காண்பதுதான் சுந்தரராமனுக்கு எல்லாவற்றிலும் பெரிய வேதனையாயிற்று.

அவர் மனைவி அனந்தலக்ஷ்மி நீதிநூல் ஏதும் பயிலாமலே நீதி வழங்க வல்லவர்.

"ஒரு சாரி சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

"எப்படிடீ சொல்றது? முன்னாடி பெட்டி உக்காந்திருக்கு. பின்னாடியிலேர்ந்து அவர் பிடரியைப் பார்த்தா சாரி சொல்றது?"

"அத்தனை பேர் முன்னாடி அசந்துட்டார்னு சொல்லத் தெரிஞ்சுதே."

நம் நாயகர் அன்று தோசைக்கல்லின் முன் நின்று ஒரு சபதம் பூண்டார். இனி அரியரட்ணத்தின் நிலத்தில், வானமே இடிந்து கூடைக்குள் விழுந்தாலும், ஊதேன்!

சபதம் பூண்டவர் களம் புகுந்தார். மாசி மாதத்து அப்போரின் முதற்பாதி தொடங்கியது.

தொடங்கிய கணமே டாக்டர் பசுபதியின் வினாக்கணைகள் வானை மறைத்தன. ஏன் ஊதினீர், ஏன் ஊதவில்லை, எதை ஊதினீர், அவனை ஊதாமல் இவனை ஏன் ஊதினீர் என நாற்றிசையும் நெருக்கிய அக்கணைமழையின் ஊடே அரியரட்ணம் குடை பிடித்தார் போல் நடந்து சென்று, அவர் முன்னே நின்றார்.

"டொக்டர், கேள்வி கேக்கிறியளோ, இல்லாட்டிக் கத்துறியளோ? கேள்வியெண்டால் மறுமொழி இருக்கு. கத்துறதெண்டால் நான் இதிலயே நிக்கிறன். நீங்கள் முடிச்சாப் பிறகு விளையாட்டைத் தொடங்குவம்."

மருத்துவர் திகைத்தார். கத்துவதற்கு ஒருவர் இப்படி வசதி செய்துகொடுத்து அவர் கண்டதில்லை.

"இல்ல... கேள்விதான். ஏன் ஊதினீங்க?"

"தள்ளினது."

"யார் யாரை?"

"உங்கட மகன், மற்றப் பிள்ளையை."

"ஓ."

அந்த ஓவில் ஓராயிரம் கொடி தாழ்ந்தன. மருத்துவரின் மகன் சந்தானம், பள்ளித் தோழரால் சாண்டி என அழைக்கப்படுபவன், தந்தையைப் பார்த்துத் தோளைக் குலுக்கினான். பத்தடி தூரத்தில் நின்று இதைக் கண்ட சுந்தரராமனின் மார்பு, என்ன மனிதர் என்று பெருமையால் விம்மியது. யாரிடம் சொல்வது என்ற நினைவு வந்ததும் அடங்கியது. முன்சீட்டு நாட்களில் இது ஒரு வாரத்துக்குப் பேசக் காணும் விஷயம்.

அப்போதுதான் அந்த மூலை வந்தது.

அடிக்கோடும் பக்கக்கோடும் கூடும் மூலை, இரு பேரரசுகளின் எல்லைக்கல். அங்கே பந்து ஒரு சிறுமியின் கையில் பட்டோ, ஒரு சிறுவனின் முழங்காலில் பட்டோ, கோட்டைக் கடந்து வெளியேறியது. அது என் நிலம் அன்று, அவர் நிலம் என்று சபதத்தின் பிடியில் சுந்தரராமன் ஊதாது நின்றார். எல்லாம் அறிந்தவர் ஒருவர் இருக்கையில் நான் எதற்கு, அவரே ஊதட்டும் என்று ரோஷத்தின் பிடியில் அரியரட்ணமும் ஊதாது நின்றார். அவர் இவரைப் பார்த்துக் கையை நீட்டி, தங்கள் திருவுளம் என்றார் போல் பணிந்தார். இவர் அவரைப் பார்த்துத் தலையைச் சாய்த்து, முதலில் தாங்களே என்றார் போல் பணிந்தார். கல்யாண வீட்டுப் பந்தியில் முதல் இலைக்கு யாரை அமர்த்துவது என்ற உபசாரத்திலும் இத்தனை பணிவு நிகழ்ந்ததில்லை. பந்தோ, தன்னைக் கேட்பார் இல்லை என்று கண்டு, தன்போக்கில் உருண்டு, நாற்காலிகளின் கீழே நுழைந்து, ஆன்ட்டிகளின் கால்களைத் தாண்டி, அடியேன் காத்து நின்ற சமோசா மேசையின் காலில் மோதி நின்றது. பிள்ளைகள் பத்துப் பேரும் இடுப்பில் கை வைத்து நின்றனர்.

"வாட் ஆர் வீ டூயிங்?" என்றாள் வசந்தமலர்.

டாக்டர் பசுபதி எழுந்தார். "த்ரீ செகண்ட்ஸ்!" இம்முறை, நேரக்கணக்கில் மட்டும், அவர் சொன்னது உண்மை.

இடைவேளையில் கிருபாராணி இருவரையும் தண்ணீர்க் குழாயருகே மடக்கினார். தூங்காத கண்கள் சிவந்திருந்தன. பெரும்படைத் தலைவர்கள் அஞ்சும் குரல் அன்று அது. நோயாளியை மாத்திரை விழுங்க வைக்கும் குரல். அதற்கு அஞ்சாதார் இலர்.

"ஏண்ணா, நீங்க ரெண்டு பேரும் ரெஃப்ரியா வந்திருக்கீங்களா, விருந்தாளியா வந்திருக்கீங்களா?"

இருவரும் தரையைப் பார்த்தனர்.

"ஒருத்தர் இடத்துல ஒருத்தர் போகாம இருக்கறது மரியாதை. சரி. மூலைல யாருமே இல்லாம இருக்கறதுக்குப் பேரு என்ன? புள்ளைங்க மண்டையை உடைச்சுகிட்டாலும் நீங்க ரெண்டு பேரும் வணக்கம் வெச்சுகிட்டு நிப்பீங்களா? அண்ணா, உங்க சண்டையை வெளில வெச்சுக்குங்க. இன்னொரு தடவை அந்தப் பந்து சமோசா கிட்ட போச்சுன்னா, நான் விசிலைப் புடுங்கி நானே ஊதிக்குவேன்."

அவர் போனபின் அரியரட்ணம் தண்ணீர்க் குழாயை நோக்கி, "மூலை, நடுக்கோட்டில நிக்கிறவற்ற பொறுப்பு" என்றார். குழாய்க்குச் சொன்னதாயினும், பொங்கலுக்குப் பின் சுந்தரராமன் பதில் சொல்லக்கூடிய முதல் வாக்கியம் அது.

"சரி சார்" என்றார் சுந்தரராமன், அதே குழாயிடம்.

பிற்பாதி செவ்வனே நடந்தது. மூலைகள் காக்கப்பட்டன, பந்துகள் சமோசாவை அணுகவில்லை. புள்ளிகள் ஏறின, இறங்கமாட்டாமல் இன்னும் ஏறின. ஆட்டம் முடியக் கண்ணிமைப் பொழுதே எஞ்சியிருக்கையில் ஜெர்சி சிட்டி ஒரே ஒரு புள்ளி முன்னே நின்றது. பந்து பார்சிப்பனியின் கையில், அதாவது சந்தானத்தின் கையில்.

கேளுங்கள் அவையோரே, நீராவிக் குழாயும் இடிப்பதை நிறுத்திய அக்கணத்தை! மதங்கொண்ட களிறு வாழைத்தோட்டத்துள் புகுந்தாற்போல், ஆனால் களிற்றினும் சற்றே ஒல்லியாய், சந்தானம் கூடையை நோக்கிப் பாய்ந்தான். எதிரே வசந்தமலர், இரு கையும் உயர்த்தி, இடம் பெயராமல் நின்றாள். அவளுக்கு அப்பால் இரண்டடியில் அவள் தந்தை அரியரட்ணம். அவருக்கு வெகு தொலைவில், நடுக்கோட்டருகே, நம் நாயகர். சந்தானம் எழும்பினான். வசந்தமலர் நின்றாள். அவன் தோளா, அவள் கையா, காற்றா, கடவுளா, ஏதோ ஒன்று ஏதோ ஒன்றில் பட, அவன் தரையில் சரிந்தான். பந்து கூடையின் விளிம்பை முத்தமிட்டுத் திரும்பியது.

கை இறங்கியது என்றன சுந்தரராமனின் கண்கள். உறுதியாகச் சொல்கிறோம், இறங்கியது என்றன. மார்பு தானே விரிந்து மூச்சை உள்ளிழுத்தது. கை தானே எழுந்து விசிலை வாயில் செருகியது. பட்டாணி தன் பித்தளைச் சிறையில் துடித்தது. ஊது, என்றாள் பேரொலிப் பெருமாட்டி. ஊது, நீ கண்டதை உலகறியச் செய், நீதியின் நாயகனே, அந்த மனிதர் தம் மகளென்று வாளாவிருக்கிறார், நீயும் இருப்பாயோ? பல்லில் பித்தளை குளிர்ந்தது. உள்ளே இழுத்த மூச்சு வெளியேற வழி கேட்டுத் தொண்டையை முட்டியது. அவருக்கு முன்னே ஒரு பக்கம் ஐந்து பிள்ளைகளின் தோல்வி. மறுபக்கம் மெலிந்த தோளும் நரைத்த மீசையுமாய் ஒரு மனிதர், கூடைக்கடியில், குனிந்து, கண்ணிமைக்காமல் அந்த இரண்டடி நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அசரவில்லை. நடுக்கோட்டிலிருந்து கூட அது தெரிந்தது. பொங்கலன்றும் அவர் இப்படித்தான் குனிந்து நின்றாரோ என்ற எண்ணம், வேறெப்போதும் வராமல், அப்போது வந்தது.

ஆயிரம் யானை கட்டி இழுத்தாலும் நிற்காத அம்மூச்சை, வீரருள் வீரர், தன்னை வென்ற தகையாளர், சுந்தரராமன், விசிலுக்குள் விடாமல் மூக்கு வழியே விட்டார்.

மணி ஒலித்தது. ஆட்டம் முடிந்தது. ஜெர்சி சிட்டி குதித்தது. டாக்டர் பசுபதி களம் புகுந்தார்.

அவர் அரியரட்ணத்திடம் செல்லவில்லை. அவரைக் கடந்து, நேரே நடுக்கோட்டுக்கு வந்தார்.

"சார், நீங்க சொல்லுங்க. நீங்க பார்த்தீங்க. விசில் வாய்க்குப் போச்சு, நான் கவனிச்சேன். அவரோட பொண்ணு சார் அது! அவர் எப்படி ஊதுவார்? போன தடவை மாதிரி நீங்க சொல்லிடுங்க, போதும்."

அரங்கம் அடங்கியது. பொங்கலன்று சிரித்த அதே முகங்கள், அதே நாற்காலிகள். அரியரட்ணம் கூடைக்கடியிலேயே நின்றார், திரும்பாமல்.

"டாக்டர், இது கேள்வியா?" என்றார் சுந்தரராமன்.

"கேள்விதான் சார்!"

"அப்போ பதில் சொல்றேன். அது அவரோட இடம். அவர் ரெண்டடியில நின்னார். நான் இங்க நின்னேன். அவர் ஊதலேன்னா அங்க ஃபவுல் இல்ல."

"நீங்க பார்த்தீங்களே?"

"நான் பார்த்தது நான் நின்ன இடத்துலேர்ந்து." கடைசி நாற்காலி வரை கேட்கும் குரலில், தேவைக்கு மேலேயே உரக்க, சொன்னார்: "பொங்கலன்னிக்கும் அப்படித்தான் டாக்டர். அவர் அசரல. நான்தான் இங்கேர்ந்து ஓடிப்போய் அவர் இடத்துல ஊதினேன். அது தப்பு."

அனந்தலக்ஷ்மி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தரையிலிருந்து எழுந்து கால்சட்டையின் ஈரத்தைத் தட்டிக்கொண்டிருந்த சந்தானம் அப்போது வந்து சேர்ந்தான். "டாட், ஐ ஸ்லிப்ட். த ஃப்ளோர்ஸ் வெட். ஷி டிடின்ட் ஈவன் டச் மீ. கேன் வீ ஈட் நௌ?"

மருத்துவர் மகனைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். நடுவரைப் பார்த்தார். வெறுங்கையோடு திரும்புவது படைத்தலைவருக்கு அழகன்று என்பதால், "அப்படின்னாலும் ஒரு த்ரீ செகண்ட்ஸாவது இருந்திருக்கும்" என்று முனகியபடி சமோசா இருந்த திசையில் பின்வாங்கினார்.

அரியரட்ணம் பந்தை எடுத்தார். ஒருமுறை தரையில் தட்டிப் பிடித்தார். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஜலதோஷம் போலும், அந்த ஜிம் எப்போதும் குளிர்தான்.

வெற்றி கொண்ட பிள்ளைகளைக் கிருபாராணி பீட்ஸா தின்ன அழைத்துப்போனார். வசந்தமலரும் அவர்களோடு போனாள். அனந்தலக்ஷ்மி சங்கத்துப் பாத்திரங்களைக் கழுவ நின்றார். இருள் இறங்கும் மாலையில், பனிமலர் தூவ, வாகை சூடிய வேந்தரும் அல்லாது தோற்றோடிய வேந்தரும் அல்லாது, வரிச்சட்டைமேல் கோட்டுப் போர்த்த இரு மாவீரர், ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாய், தேவாலயத்தின் பின்புறம் வெண்புரவியென உருமாறிப் பனி மூடி நின்ற பழுப்புநிற ஓல்ட்ஸ்மொபைலை அடைந்து, ஒருவர் முன்கண்ணாடியின் பனியைச் சுரண்ட மற்றவர் பின்கண்ணாடியின் பனியை முழங்கையால் துடைத்து, அலுவலகம் இல்லாத அச்சனிக்கிழமையிலும் முன்சீட்டில் பெல்ட் கட்டிக் கொலுவிருந்த ப்ரீஃப்கேஸைக் கண்ணாடியூடே கண்டு, வழக்கம் மாறாமல் நம் நாயகர், விசில் ஊதாப் பெருவிறலார், தன்னையே வென்ற தனிப்பெருந்தலைவர், உறைந்து இறுகிய பின்கதவின் பிடியை இரு கையாலும் பற்றி இழுத்து, அது வராமல், மீண்டும் இழுத்து, அது வராமல், யாரிடமும் சொல்லாமல் மூன்றாம் முறை இழுக்கக் காலை ஊன்றிய அந்த வேளையில், மறுபுறம் ஓட்டுநர் கதவு திறந்து, உள்விளக்கு எரிந்தது.

அரியரட்ணம் ப்ரீஃப்கேஸை எடுத்துப் பின்சீட்டில் போட்டார்.